ஃபுளோரன்ஸ் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஈரோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். ஓவியம் பயிலும் எங்கள் 15 வயது மகளுக்கு மே விடுமுறையில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைக் காட்ட 5 லட்ச ரூபாய் சேர்த்திருக்கிறோம். சுற்றுலா நிறுவனம் ஒன்று, மூவருக்கும் 9 நாள் இத்தாலிப் பயணத்துக்கு 7.5 லட்சம் கேட்கிறது. மீதி 2.5 லட்சத்தைத் தனிநபர் கடனாக வாங்கலாமா? மனைவி சைவம். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் நாங்களே பார்த்துக்கொண்டால் செலவு கைமீறிவிடுமோ என்று தயங்குகிறோம். பயணத் திட்டத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கடன் வாங்க வேண்டாம். 2.5 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,540 ரூபாய் வரும். வட்டி மட்டுமே 57,000 ரூபாயைத் தாண்டும். அந்தக் கடனைக் கொண்டு நீங்கள் வாங்கப்போவது என்ன என்று உங்கள் பயணத் திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஒன்பது நாளில் ஃபுளோரன்ஸுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பகல். தங்குமிடத்துக்கு நேராக 'ஃபுளோரன்ஸ் பகுதி, அல்லது அதற்கு இணையான விடுதி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 'பகுதி' என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. குழுப் பயணங்களில் அது பக்கத்து ஊரான பிராட்டோவாகவோ, நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மோன்டெகாட்டினியாகவோ இருப்பது வழக்கம். உஃபிசி அருங்காட்சியகத்தில் போட்டிச்செல்லியின் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நிற்க ஆசைப்படும் பெண்ணைப் பேருந்து ஜன்னல் வழியே நகரம் பார்க்க அழைத்துப்போக 7.5 லட்சம் அதிகம்.

ரோம் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அதிவேக ரயிலில் ஃபுளோரன்ஸை அடைந்து, ஐந்து இரவுகள் அங்கேயே தங்கும்படி திட்டத்தைச் சுருக்குங்கள். ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடைதான். பழைய நகரம் முழுவதுமே கால்நடையாகச் சுற்றும் அளவுக்குச் சிறியது என்பதால், மையத்தில் அறை எடுத்தால் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவு அநேகமாக இல்லை. ஆர்னோ ஆற்றின் தென்கரையில் சாந்தோ ஸ்பிரிதோ, சான் ஃபிரெதியானோ ஆகிய பேட்டைகளில் சமையலறையுடன் கூடிய சிறு வீடு கிடைத்தால் உங்கள் குடும்பத்துக்கு அதுவே பொருத்தம். அறை வாடகையில் அடங்காத தங்கும் வரி ஒன்றும் உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ என்று வைத்தால் உங்கள் மூவருக்கும் 90 யூரோ ஆகும். அதைப் பெரும்பாலும் விடுதியில்தான் கேட்பார்கள். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். நகர மையம் வெளி வாகனங்களுக்குத் தடை செய்யப்பட்ட வலயம். கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்து ஈரோட்டுக்கு வந்து சேரும்.

சாப்பாட்டில் பணம் போவது பசியால் அல்ல, உட்காரும் இடத்தால். காபியைக் கடை முகப்பில் நின்று குடித்தால் ஒன்றரை யூரோ அளவில் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் சிக்னோரியா சதுக்கத்தில் நிழலாக இருக்கிறதே என்று மேசையில் அமர்ந்து, மூன்று காபிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைக் கொடுத்தவன் நான். உணவகப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் 'கோபெர்த்தோ' என்று இருந்தால், அது இலைபோட்டு உட்கார வைப்பதற்கு ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ வாங்கும் கட்டணம். ஏமாற்று வேலை அல்ல. கனலில் சுட்டுத் தரும் புகழ்பெற்ற மாட்டிறைச்சியின் விலையோ எடைக் கணக்கில் போடப்பட்டிருக்கும், ஒரு தட்டுக்கு அன்று. உங்கள் மனைவிக்குத் தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்துச் செய்யும் 'பப்பா அல் பொமொதோரோ', பீன்ஸும் கருங்கீரையும் சேர்ந்த 'ரிபொல்லித்தா' இரண்டும் வயிறு நிறைக்கும். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது, ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். காலையில் சாந்த் அம்ப்ரோஜோ சந்தையில் காய்கறி வாங்கி வந்து ஒரு வேளையாவது வீட்டில் சமைத்தால் நாளுக்கு 75 யூரோவில் மூவரும் சமாளிக்கலாம்.

ஒரு யூரோவை 105 ரூபாயாக வைத்துப் பார்ப்போம். விமானத்துக்கு 2.10 லட்சம்; இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா (ஆளுக்கு 90 யூரோ, மகளுக்கும் முழுக் கட்டணம்), சேவை மையக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 45,000; ஓர் இரவுக்கு 150 யூரோ வீதம் அறைக்கும் தங்கும் வரிக்கும் 88,000; சாப்பாட்டுக்கு 40,000; ரயிலுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் 37,000. மொத்தம் 4.20 லட்சம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு உஃபிசி, டேவிட் சிலை இருக்கும் அக்கடேமியா போன்ற அரசு அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை; மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம்தான், ஆனால் அந்த வரிசையில் அரை நாளைத் தொலைப்பதைவிடச் சீட்டு வாங்குவதே சிக்கனம். திங்கட்கிழமை உஃபிசி, அக்கடேமியா இரண்டும் மூடியிருக்கும்.

மிஞ்சும் 80,000 ரூபாயை அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். செலவுக்கு யூரோ ஏற்றிய பயண அட்டை போதும். பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கு மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். கடையில் இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்துக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஆர்னோ ஆற்றின் மேலுள்ள 'பொன்தே வெக்கியோ' என்ற பழைய பாலத்தைக் கடந்து பேராலயத்துக்குப் போகும் வழியில், புதிய சந்தை மண்டபத்தில் வெண்கலக் காட்டுப்பன்றியின் மூக்கைத் தடவக் கூட்டம் நிற்கும். 1397-இல் மெதிச்சி குடும்பம் வங்கி தொடங்கிய ஊர் அல்லவா. அதே மண்டபத்தின் தரையில், கடனைத் திருப்ப முடியாதவர்களின் உடுப்பை இறக்கி, பின்புறம் மோத உட்கார வைத்த வட்டக் கல் ஒன்று இருக்கிறது. அதை மகளுக்குக் காட்டுங்கள்.

துறை அனுமதிக் கடிதத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள்.