ஓடாத பழைய செயின்சாவை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்

கேள்வி: தென்னந்தோப்பு வேலைக்காகப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்டில் எம்எஸ் 361 செயின்சா வீட்டில் சும்மா கிடக்கிறது. மூன்று வருடமாக ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு இழுபடுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால், இதை எடுத்துக்கொண்டு புது 58 சிசி சீன மெஷினில் 2,000 ரூபாய் கழித்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: சைலன்சரைக் கழற்றிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஓடாத மெஷினுக்கு விலை வைப்பது அது ஓடவில்லை என்பதை வைத்து அல்ல, ஏன் ஓடவில்லை என்பதை வைத்துத்தான். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் ஜவ்வு விறைத்துப்போனாலும் மெஷின் ஓடாது, பிஸ்டன் உருகி ஒட்டினாலும் ஓடாது. முன்னது சில நூறு ரூபாய் வேலை. பின்னது மெஷின் விலையில் பாதியைத் தின்றுவிடும். உங்களிடம் இருப்பது இதில் எது என்று தெரியாத வரை, கடைக்காரர் சொல்வதுதான் விலை.

முதலில் கயிற்றை இழுப்பதை விடுங்கள். மூன்று வருடம் காய்ந்து கிடந்த இன்ஜினைத் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல பிஸ்டனிலும் கீறல் விழலாம். பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி அதை வெளியே எடுங்கள். ஸ்டில் மெஷினில் பெரும்பாலும் டி27 நட்சத்திரச் சாவிதான். சிலிண்டரில் புகை வெளியேறும் ஓட்டை தெரியும். ஸ்டார்ட்டரை மெதுவாக இழுத்து பிஸ்டனை அந்த ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

நல்ல பிஸ்டனின் பக்கவாட்டில் லேத்தில் கடைந்த மெல்லிய கிடைக்கோடுகள் இன்னும் தெரியும். அது தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. மேலிருந்து கீழாக நெடுக்குக் கீறல்கள் இருந்தால் அது அடிபட்ட பிஸ்டன். எந்தப் பக்கம் கீறல் என்பதும் முக்கியம். சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது: ஆயில் குறைவாகக் கலந்தது, அல்லது எங்கோ காற்று கசிந்து பெட்ரோல் போதாமல் ஓடியது. கார்புரேட்டர் பக்கம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கிறது (பார்க்க கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும்). சுற்றிலும் கீறியிருந்தால் யாரோ ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். கூலி ஆட்கள் கையில் மாறி மாறிப் போகும் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கையும் ஒரு தீக்குச்சி முனையால் லேசாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்ப வெளியே வர வேண்டும். கரி பிடித்து அசையாமல் நின்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கிடைக்காது. ஆனால் அது சுத்தம் செய்தால் சரியாகிற வேலைதான்.

பிஸ்டனில் கீறல் கண்டாலும் உடனே காய்லாங்கடைக்கு எடை போட வேண்டாம். சிலிண்டரின் உள்சுவரில் கடினமான முலாம் இருக்கிறது. பல சமயம் சுவரில் தெரியும் சாம்பல் நிறத் தடம் கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். சிலிண்டரைக் கழற்றி நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் ஒட்டிய அலுமினியம், அதை அகற்றிவிட்டுப் புது பிஸ்டன், ரிங் போட்டால் ஓடும். நகம் பள்ளத்தில் மாட்டினால் முலாம் போய்விட்டது, சிலிண்டரே மாற்ற வேண்டும். “லேத்தில் கொடுத்துப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பைக்கின் இரும்பு போருக்குச் செய்கிற வேலை அது. இங்கே கடைந்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

பிஸ்டன் சுத்தமாக இருந்தால் அடுத்து கம்ப்ரஷன். சைலன்சரையும் பிளக்கையும் மாட்டி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். சடசடவென்று கயிறு அவிழ்ந்து கீழே போனால் கம்ப்ரஷன் இல்லை. விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் இருக்கிறது. 361-ல் ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று சிலிண்டர் மேல் ஒரு டீகம்ப்ரஷன் பட்டன் வைத்திருப்பார்கள். அது அமுங்கி இருந்தால் நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின்போலக் காட்டும், வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. திராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) முழுதாக அழுத்திக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். 150 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் அருமையான இன்ஜின். 120 பக்கம் என்றால் ஓடும், வலு குறைவு. 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். பிளக் ஓட்டையில் ஆயில் விட்டுவிட்டு அளந்தால் அளவு பொய்யாக ஏறும். அதனால் நீங்கள் பழைய மெஷின் வாங்கப் போகும்போது பிளக் எண்ணெயில் நனைந்திருந்தால் உஷாராக இருங்கள்.

ஸ்பார்க் சோதனைக்குப் புது பிளக் போடுங்கள். எலக்ட்ரோடு இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பிளக் உடலைச் சிலிண்டர் மேல் படவைத்து, நிழலில் வைத்து இழுத்தால் நீலப்பொறி தெரிய வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி வராவிட்டால் உடனே காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ஆஃப் சுவிட்ச் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுத் திரும்ப இழுங்கள். வயர் தோல் உரிந்து பாடியில் பட்டிருந்தால் அப்போது பொறி வந்துவிடும். காயிலுக்கும் அதன் அருகே சுழலும் மேக்னட் சக்கரத்துக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே துரு ஏறியிருந்தால் தேய்த்து எடுங்கள்.

கம்ப்ரஷனும் பொறியும் இருந்தால் கடைசிச் சோதனைதான் பணம் சொல்லும் சோதனை. ஆயில் கலந்த புதுப் பெட்ரோல் 2 மில்லி மட்டும் கார்புரேட்டர் வாயில் விட்டு, ஏர் ஃபில்டரை மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால் இன்ஜின் உயிரோடு இருக்கிறது, பெட்ரோல் மட்டும் வந்து சேரவில்லை. மூன்று வருடம் டேங்கில் பெட்ரோலோடு கிடந்த மெஷினில் எதிர்பார்க்க வேண்டியதும் இதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், நாளானால் தண்ணீராகப் பிரிந்து கார்புரேட்டருக்குள் வெள்ளையாக அரிக்கும், ஜவ்வு விறைத்துப்போகும், பெட்ரோல் டியூப்பில் விரிசல் விழும். கார்புரேட்டர் கிட், டியூப், டேங்க் ஃபில்டர் மூன்றையும் மாற்றினால் போதும். ஓடும்போது திராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஆயில் சீல் கசிகிறது என்பதற்கு அது அடையாளம், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

பாடியைப் பார்க்க அதிக நேரம் வேண்டாம். மேக்னட்டையும் கிளட்ச்சையும் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் வேலை இருக்கிறது. கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவை, அதில் விரிசல் விட்டிருந்தால் ஒட்டவைப்பது கட்டுப்படியாகாது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மாட்டும் ஸ்டட் மரை, செயின் பிரேக், எல்லாக் கவர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாடியில் அடித்த சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 361-க்கு டூப்ளிகேட்டும் வருகிறது. பழைய பில் கையில் இருந்தால் வாங்குபவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

இப்போது விலைக்கு வருவோம். உங்கள் ஊரில் இதே மெஷின் ஓடுகிற நிலையில் செகண்ட்ஹேண்டாக என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். அதிலிருந்து பாகம், கூலி இரண்டையும் கழியுங்கள். வாங்குபவர் எடுக்கும் ரிஸ்க்குக்கு அந்த செகண்ட்ஹேண்ட் விலையில் ஐந்தில் ஒரு பங்கை இன்னும் கழியுங்கள். கணக்குக்காக 15,000 என்று வைத்துக்கொண்டால்: கார்புரேட்டர் வேலைக்கு 2,000, ரிஸ்க்குக்கு 3,000 போக 10,000 நிற்கும். பிஸ்டன், சிலிண்டர் இரண்டும் போயிருந்தால் பாகமும் கூலியுமே பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். அப்போது கிராங்க், காயில், கார்புரேட்டர், கிளட்ச், டேங்க் என்று பாகமாக விற்றால்தான் நாலு காசு பார்க்கலாம். பாடியும் உடைந்து சிலிண்டரும் போனால் 2,000 நியாயமான விலைதான், கொடுத்துவிடுங்கள்.

மாற்றாக வாங்கப்போவது என்ன என்பதும் கணக்கில் சேர வேண்டும். இரண்டு மெஷினிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 34 மில்லிமீட்டர். 361-ன் போர் 47, ஆகவே 59 சிசி. 58 என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீன மெஷின்களில் பெரும்பாலும் போர் 45.2, கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வருகிறது. 361-ன் 3.4 கிலோவாட் வலு அதில் வராது. மாதம் ஒருமுறை மட்டை, விழுந்த மரம் அறுக்க அந்த மெஷின் போதும், பாகமும் எங்கும் கிடைக்கும், அதைக் குறை சொல்ல மாட்டோம். வேம்பு, புளி என்று தடிமரம் அறுப்பவர் என்றால் 361-ஐச் சரி செய்து வைத்துக்கொள்வதே லாபம். அதன் பார், செயினைப் புது மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கழற்றிவிடாதீர்கள். 361-ல் வழக்கமாக வருவது 3/8 அங்குலப் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு), சீன மெஷினில் 0.325. ஒன்றுக்கொன்று சேராது. பாரோடு சேர்த்தே விலை பேசுங்கள்.

விற்கும் முன் வெளிப்புறம் பிரஷ்ஷால் தூசி தட்டித் துடைத்தால் போதும், பெயிண்ட் அடிக்க வேண்டாம். பெயிண்ட் அடித்த மெஷின் எதையோ மறைக்கிறது என்றுதான் மெக்கானிக் நினைப்பார். சைலன்சர் கழற்றிய நிலையில் பிஸ்டனை போனில் படம் எடுத்து, கேஜ் காட்டிய அளவோடு கடைக்காரரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் அவர் 2,000-லேயே நின்றால், புது மெஷினைத் தனியாக வாங்கிக்கொண்டு 361-ஐ மரம் அறுக்கும் ஆட்களிடமோ டிம்பர் டிப்போ மெக்கானிக்கிடமோ நேரடியாகக் கொடுங்கள்.