கரிக்கோடு

அன்புள்ள அக்கா,

மானுடவியல் படிக்க ஆசை. கல்பனா ராமின் 'முக்குவர் விமன்', அஜந்தா சுப்பிரமணியனின் 'ஷோர்லைன்ஸ்' இரண்டும் நம் குமரி மாவட்டக் கடற்கரை மீனவர்களைப் பற்றியவை என்று நண்பர் சொன்னார். ஆனால் நம்மைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதியதை எதற்குப் படிக்க வேண்டும்? நம் ஊர் நமக்குத் தெரியாதா? புதிதாக வேறு ஏதாவது சொல்லுங்கள்.

சு., தக்கலை

அன்புள்ள தம்பி,

எழுதிய இருவரும் வெள்ளையரும் இல்லை, ஆண்களும் இல்லை. அட்டையையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

புதிது வேண்டுமென்றால், ஐஐடியில் தகுதி என்ற பேச்சுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அஜந்தாவே 2019இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பட்டியல் அவ்வளவுதான்.

'நம் ஊர் நமக்குத் தெரியாதா' என்றீர்களே, அது உறுத்துகிறது. போன வாரம்தான் எங்கள் பழைய வீட்டை இடித்தோம். அடுக்களைப்புறச் சுவர் விழுந்தபோது எனக்கு மீன்காரம்மா நினைவுதான்.

தலையில் சும்மாடு, அதன் மேல் ஓலைக்கடவம், அதில் சாளையோ நெத்தலியோ. "கொஞ்சம் வெள்ளம் தா மக்களே" என்பார். ஆச்சி எட்ட நின்று உயரத்திலிருந்து அவர் கைக்குள் ஊற்றுவாள். அவர் தொட்ட மீன் மட்டும் நேராக எங்கள் சட்டிக்குப் போகும். பல வருஷம் வந்தார். பேர் என்னவென்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தக்கலையிலிருந்து குளச்சல் கடற்கரை பக்கம்தானே, உங்களுக்கு எத்தனை பேர் தெரியும் தம்பி?

எங்கள் வீட்டில் பற்றுதான். ஒரு ரூபாய்க்கு ஒரு கரிக்கோடு, அந்தச் சுவரில். கடலுக்குப் போகிற வீடுகளில் வரவுசெலவும் கொடுக்கல்வாங்கலும் பெண்கள் கையில் என்று ராம் 1991இலேயே எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: திண்ணையில் ஏற்றாத அந்த அம்மாவிடம் நாங்கள் மாதக்கணக்கில் கடன்பட்டுக் கிடந்தோம். சோறு போட்டு வளர்த்தது போல ஆச்சி பேசுவாள்!

ஒரு வாரம் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போட்ட கத்தோலிக்கத் திருச்சபையையே மீனவர்கள் கோர்ட்டுக்கு இழுத்த கதை 'ஷோர்லைன்ஸ்' புத்தகத்தில் இருக்கிறது. சாமியார் சொன்னால் தலையாட்டுகிற கூட்டம் என்றுதான் எங்கள் தெருவில் அவர்களைப் பற்றிப் பேச்சு.

அத்தை கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது கோடெல்லாம் போய்விட்டது. மறுநாள் மீன்காரம்மா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பங்கரியை எடுத்துப் புதுச் சுண்ணாம்பின் மேல் பதினொரு கோடு இழுத்துவிட்டுக் கடவத்தை இறக்கினார். ஆச்சி எண்ணிப் பார்த்தாள். பேசாமல் உள்ளே போய்ச் சுருக்குப்பையை எடுத்து வந்தாள்.