போலீஸ் காவலில் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கைது முற்றிலும் சட்டப்படி நடந்திருந்தாலும் இதே பதில்தான். பெயர், முகவரியைச் சொல்லிவிடுங்கள். அவற்றை மறைத்தால் சிக்கல்தான் கூடும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 180ஆம் பிரிவும் தருகின்றன.

ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை 1977இல் கட்டாக் விஜிலென்ஸ் (ஊழல் தடுப்பு) காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எழுதி வைத்திருந்த நீண்ட கேள்விப் பட்டியலை நீட்டினார்கள். பதில் தர மறுத்ததற்காகவே அவர்மீது தனி வழக்கு பாய்ந்தது. மௌனம் காக்கும் உரிமை நீதிமன்றக் கூண்டில் அல்ல, காவல் நிலைய விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றும், வேறொரு வழக்கில் சிக்கவைக்கும் கேள்விக்கும் அது பொருந்தும் என்றும் 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பில் எழுதினார். சம்மதம் இல்லாமல், மருந்து செலுத்தி அரை மயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்பது அதே நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் கிரிமினல் வழக்குகள் நடத்துபவன் என்ற முறையில், ஏட்டில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது பலருக்கும் தெரியும்; அதில் இருக்கும் ஓட்டை தெரியாது. நான் பார்த்த ஒப்புதல் வாக்குமூலங்களில் பெரும்பாலானவை, ஆள் யாராக இருந்தாலும், "என்னை அழைத்துச் சென்றால் அந்த இடத்தைக் காட்டி, பொருளை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்ற ஒரே வாசகத்தில்தான் முடிகின்றன. சொன்னபடி பொருள் கிடைத்துவிட்டால், கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய அந்தப் பகுதி மட்டும் நீதிமன்றத்தில் ஏறும். ஆகவே எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க பி.என்.எஸ்.எஸ். 38ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் விசாரணை முழுவதும் அல்ல. என்னைக் கேட்டால் சட்டத்தின் பெரிய குறையே இந்த "முழுவதும் அல்ல" என்பதுதான், ஏனென்றால் அடி விழுவது வழக்கறிஞர் வெளியே நிற்கும் நேரத்தில்தான். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அங்கே "போலீசார் துன்புறுத்தினார்களா?" என்று அவர் கேட்கும்போது, அழைத்து வந்த காவலர் பக்கத்திலேயே நிற்பார், அப்படி நின்றாலும் காயத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், ரிமாண்டு உத்தரவில் அது பதிவாக வேண்டும்.