11 பக்க ஒப்பந்தத்தைப் படிக்க 700 ரிங்கிட்: கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மணவறை அலங்காரத் தொழில் செய்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கல்யாணங்கள்தான் எனக்கு வேலை தருகின்றன. நான் அனுப்பிவைக்கும் வாடிக்கையாளர்களின் பில்லில் 8 விழுக்காடு கமிஷன் தருவதாக ஈப்போவில் உள்ள கேட்டரிங் நிறுவனம் ஒன்று 11 பக்க ஆங்கில ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் கிடைத்தாலே அதிகம். அதைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் 700 ரிங்கிட் கேட்கிறார். அவ்வளவு செலவு தேவையா? பெசுருஹ்ஜாயா சும்பாவிடம் (சத்தியப் பிரமாண ஆணையரிடம்) முத்திரை குத்தினால் போதும் என்கிறார் என் அண்ணன்.

பதில்: அண்ணன் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுவோம். பெசுருஹ்ஜாயா சும்பாவின் வேலை, சத்தியப் பிரமாணத்தைக் கேட்டு, உங்கள் கையெழுத்துக்குச் சாட்சியாக நிற்பது. ஒப்பந்தத்தில் உங்கள் கழுத்துக்குச் சுருக்கு இருக்கிறதா என்று அவர் பார்க்க மாட்டார். அந்த முத்திரையால் மோசமான ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம் ஆகிவிடாது.

ஆள் சேர்த்துவிட்டுக் காசு வாங்குவது தோட்டத்துக்குப் புதிதல்ல. அந்தக் காலத்துக் கங்காணிகளுக்குத் தலைக்காசு இருந்தது. ஆனால் கங்காணி யாரும் 11 பக்கத்தில் கையெழுத்துப் போடவில்லை.

700 ரிங்கிட்டை 6,000 ரிங்கிட்டோடு ஒப்பிடுகிறீர்கள். அந்தக் கணக்கே தவறு. கமிஷன் போனால் உங்களுக்கு வர வேண்டியது வராமல் போகும், அவ்வளவுதான். உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகக்கூடும் என்பதற்குத்தான் வழக்கறிஞர் வேண்டும். இத்தகைய ஒப்பந்தங்களில் பின்பக்கங்களில் ஒரு விதி அடிக்கடி தென்படும். “பரிந்துரையிலிருந்து எழும் எல்லாக் கோரிக்கைகள், இழப்புகள், செலவுகளுக்கும் பரிந்துரைப்பவர் நிறுவனத்துக்கு ஈடு செய்ய வேண்டும்” என்பது அதன் சாரம். 400 பேர் சாப்பிட்ட பந்தியில் சாம்பார் கெட்டுப்போய்ப் பாதிப்பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் நிறுவனத்தின்மீது வழக்குப் போடுகிறார்கள். “அவர்களை அனுப்பியது நீங்கள்தானே” என்று அந்த விதியைக் காட்டி நிறுவனம் உங்களிடம் வந்து நிற்கலாம். நீங்கள் கட்டியது பூ மட்டும்தான். உங்கள் சொந்தத் தவறாலோ பொய்யான வாக்குறுதியாலோ வந்த இழப்புக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு என்று அந்த விதியைச் சுருக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காகவே 700 ரிங்கிட் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, வேறு எந்தக் கேட்டரிங் நிறுவனத்துக்கும் ஆள் அனுப்பக் கூடாது என்ற தடை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதை நம்பிக் கண்ணை மூடிக் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைக்கு எதிராகத்தான் அந்தப் பிரிவு நன்றாக உதவும். ஒப்பந்தம் நடப்பில் உள்ளபோது ‘எங்களுக்கு மட்டும்’ என்று ஒப்புக்கொண்டால், அது பெரும்பாலும் உங்களைக் கட்டும். மீறினால் இத்தனை ஆயிரம் அபராதம் என்ற வரியும் கூடவே இருக்கிறதா பாருங்கள். 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை மீறியவர் மீதே விழுகிறது.

கமிஷன் விதியைப் பொறுத்தவரை, வழக்கறிஞரைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். 12,000 ரிங்கிட் விருந்துக்கு 8 விழுக்காடு என்றால் 960 ரிங்கிட். அது முன்பணம் கட்டியதும் வருமா, முழுப் பணமும் வசூலான பிறகா? கல்யாணம் நின்றுபோய் நிறுவனம் முன்பணத்தை வைத்துக்கொண்டால் உங்களுக்குப் பங்கு உண்டா? அக்காள் கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய குடும்பம், இரண்டு ஆண்டு கழித்துத் தங்கைக்கு நேராகவே அங்கு போனால்? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். “இது சரியா, பாருங்கள்” என்று பொதுவாகக் கேட்டால், பதிலும் பொதுவாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் முதலாளி வாய்நிறையச் சொன்னவை தாளில் இல்லையென்றால், பிறகு அவற்றைச் சேர்த்து வாதிட 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அவற்றையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது என்ற விதியைப் பலரும் படிப்பதே இல்லை. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுப் போடலாம். நீதிமன்றத்துக்குப் பதில் கோலாலம்பூரில் ஒரு நடுவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், அதைக் காட்டி உங்கள் மனுவை நிறுத்திவைக்கும்படி அவர்கள் கேட்க முடியும். 960 ரிங்கிட்டுக்காக யார் நடுவருக்குக் கட்டணம் கட்டப்போகிறார்கள்?

இனி 700 ரிங்கிட் விஷயம். வீடு, நிலம் வாங்குவதற்கு இருப்பதுபோல இந்த வேலைக்குக் கட்டண அட்டவணை கிடையாது. அதனால் பேசித் தீர்மானிக்கலாம். மொத்தத் தொகையாகவே பேசுங்கள், மணிக்கணக்கு வேண்டாம். எழுத்து வடிவில் கருத்து, திருத்த வேண்டிய வரிகள், நிறுவனம் மறுபடி அனுப்பும் பிரதியை இன்னொரு முறை பார்ப்பது ஆகிய மூன்றும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கறிஞரின் நிறுவனம் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால் 8 விழுக்காடு கூடி 756 ரிங்கிட் ஆகும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். “எங்கள் லாயரே உங்களுக்கும் விளக்குவார்” என்று கேட்டரிங் நிறுவனம் சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் அவர்களுடைய வழக்கறிஞர்.

வழக்கறிஞர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களை உங்களிடம் அனுப்பும் தோட்ட அலுவலகக் கிராணிக்கோ மண்டப ஊழியருக்கோ இந்தக் கமிஷனில் பங்கு கொடுப்பீர்களா? முதலாளிக்குத் தெரியாமல் ஊழியருக்குப் போகும் அந்தப் பணம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சிக்கலாம். நம் ஊரில் அதைக் ‘காப்பிக் காசு’ என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம்.

கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. கமிஷன் வருமானக் கணக்கில் சேரும். ஆண்டுக்கு 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால், கேட்டரிங் நிறுவனம் அதைக் காட்டும் சிபி 58 என்ற வருமான வரிப் படிவத்தை உங்களுக்குத் தர வேண்டும்.

பிறகு, ஒவ்வொரு குடும்பத்தையும் அனுப்பும் அன்றே, அவர்களின் சம்மதத்தோடு, பெயரும் கல்யாணத் தேதியும் மண்டபமும் எழுதி நிறுவனத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். “பெற்றுக்கொண்டோம்” என்ற பதில் வரும்வரை விடாதீர்கள்.