இங்கிலீஷ் சந்தேகங்கள்: ஸ்டேஷனரியில் 'ஏ'வா, 'இ'யா?

கேள்வி: பேப்பர், பேனாவும் 'ஸ்டேஷனரி', அசையாமல் நிற்பதும் 'ஸ்டேஷனரி'. எதற்கு 'ஏ', எதற்கு 'இ' என்று எழுதும்போதெல்லாம் தடுமாறுகிறேன்.

பதில்: பேக்கர், பேக்கரி தெரியும்தானே? அதே மாதிரிதான் ஸ்டேஷனர், ஸ்டேஷனரி. ஸ்டேஷனர் என்பவர் கடைக்காரர், அவர் பெயரின் கடைசியில் 'இ.ஆர்.', அவர் விற்கும் பொருளுக்கும் அதே 'இ.ஆர்.', கூடவே ஒரு 'ஒய்'. நிற்பதற்கு 'ஏ'. ஆனால் இரண்டுமே ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர் ஊராக அலைந்து விற்றவர்கள் நடுவே, ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரைத்தான் அந்தக் காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள். லண்டனில் 1403லேயே இவர்களுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது.

கேள்வி: முதல்வர் நம் நண்பர், அதனால் 'பிரின்சிபல்' கடைசியில் நண்பனைக் குறிக்கும் 'பி.ஏ.எல்.' வரும் என்று டீச்சர் சொல்லித் தந்தார். ஆனால் கடன் பத்திரத்தில் அசல் தொகைக்கும் அதே ஸ்பெல்லிங் இருக்கிறதே?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நண்பன் சூத்திரம் முதல்வரோடு நின்றுவிடும், கடனுக்கு உதவாது. தமிழில் யோசித்துப் பாருங்கள்: கல்லூரித் தலைவர் முதல்வர், அசல் தொகைக்கும் 'முதல்' என்றுதானே பெயர், வட்டியும் முதலும் என்கிறோமே! முக்கியக் காரணம் என்று சொல்ல வேண்டிய இடத்திலும் முதன்மைக் காரணம் என்று போடலாம். ஆக, 'முதல்' பொருந்தினால் 'பி.ஏ.எல்.' எழுதுங்கள். கொள்கை, விதி என்ற பொருள் வந்தால் 'பி.எல்.இ.', விதியைக் குறிக்கும் 'ரூல்' என்ற சொல்லும் 'எல்.இ.' என்றுதான் முடிகிறது.

கேள்வி: 'காம்ப்ளிமென்ட்' இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: பாராட்டு என்றால் நடுவில் 'ஐ'. ஒன்றை நிறைவாக்குவது என்றால் 'இ', 'கம்ப்ளீட்'டில் எல்லுக்கு அப்புறம் வருகிறதே, அதே 'இ'.

கேள்வி: இந்த ஜோடிகளை எல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எழுதும்போது சேர்ந்தே வந்து நிற்கும். இன்று ஒன்றை அதன் வாக்கியத்தோடு எழுதிப் பழகுங்கள், அது கைக்கு வந்த அப்புறம் அடுத்தது. அப்புறம் இன்னொன்று, இந்த ஸ்பெல்லிங் யாரோ வேண்டுமென்றே குழப்பி வைத்தது அல்ல. இறைச்சியைச் சொல்லும் 'மீட்'டும் சந்திப்பைச் சொல்லும் 'மீட்'டும் ஒரு காலத்தில் வேறு வேறாக ஒலித்தவை. உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது, எழுத்து பழையபடியே நின்றுவிட்டது. இன்று பலர் வாயில் 'அர'மும் 'அற'மும் ஒன்றாகக் கேட்டாலும் நாம் பிரித்துத்தானே எழுதுகிறோம்?