ஜோகன்னஸ்பர்க்கில் தற்கால ஓவியக் கூடங்களைப் பார்க்க ஆசை. கலை பற்றி ஒன்றும் தெரியாதவரை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். காசும் கேட்க மாட்டார்கள். படம் விற்கும் கூடங்கள் அடிப்படையில் கடைகள்தானே, கடைக்குள் நுழைய யாராவது டிக்கெட் கேட்பார்களா? வாசலில் இருக்கும் மணியை அழுத்தினால் கதவு திறக்கும். இந்த ஊரில் பூட்டிய கதவு சாதாரணம், உங்கள் முகத்தைப் பார்த்துப் பூட்டியதில்லை.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்தது. நீங்களும் என்னைப் போல ஆபீஸ் மாற்றலில் வந்து, சனிக்கிழமைகளில் சாண்டன் ஷாப்பிங் மாலையே சுற்றி அலுத்தவர் என்று நினைக்கிறேன். நான் 2014இல் வந்தேன். வந்த சில மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரோஸ்பேங்க் பக்கம் ஒரு கூடத்தின் கண்ணாடிக்குள் பெரிய நீலப் படம் ஒன்று தெரிந்தது. மணியை அழுத்தினேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது. கையில் மகளின் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய சார்ட் பேப்பர், பழுப்புத்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது. மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து, சுருளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டாள். நான் விழித்தேன். போனில் வேறு யாரோ கூப்பிட, சுருளோடு உள்ளே போய்விட்டாள். ஐந்து நிமிடம் அந்த நீலப் படத்தின் முன்னால் நின்றேன். ஆனால் படம் கண்ணிலேயே ஏறவில்லை. சார்ட் பேப்பரை எப்படித் திரும்பக் கேட்பது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் கேட்டேன். அவள் சிரித்தாள், மன்னிப்பும் கேட்டாள். காது சுட வெளியே வந்துவிட்டேன்.

உடனே 'நிறவெறி' என்று பதில் எழுதக் கிளம்பாதீர்கள். அந்தப் பெண் நம் வம்சாவளிதான், நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் நாலாம் தலைமுறையோ ஐந்தாம் தலைமுறையோ. கூரியர்காரராக நினைப்பது கேவலமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: கேவலம் இல்லை. ஆனால் அன்று எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. 2018 ஜனவரியில் அப்பா மதுரையிலிருந்து மூன்று மாதம் வந்து தங்கினார். அவர் முப்பது வருடம் சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளக்ஸ் வந்ததும் தொழில் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மெல்ரோஸ் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு ரோஸ்பேங்க் வழியாக வந்துகொண்டிருந்தோம். "படக்கடையாடா அது? நிறுத்து" என்றார். நான் தயங்கினேன். அவரே போய் மணியை அழுத்திவிட்டார்.

உள்ளே அரை மணி நேரம் இருந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சில படங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது, விற்றுவிட்டது என்று அர்த்தம். அப்பா அதைப் பொட்டு என்றே சொன்னார்: "பொட்டு வச்சதெல்லாம் கல்யாணம் ஆயிருச்சு, அப்படித்தானே?" விலையைச் சுவரில் எழுதுவதில்லை. கேட்டால் பட்டியல் தருவார்கள், கேட்டதற்காக வாங்க வேண்டியதும் இல்லை.

அப்புறம் பார்க்வுட்டில் ஒரு கூடம். அங்கே இந்த ஊர்க்காரரான வில்லியம் கென்ட்ரிட்ஜின் படம் ஒன்று சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கரியால் வரைவார், அதைக் கேமராவில் எடுப்பார், கொஞ்சம் அழித்து மாற்றுவார், மறுபடி எடுப்பார். ஒரே தாளில் இப்படிச் செய்துகொண்டே போய்ப் படமாக்குவது அவர் வழி, 1989 முதல் செய்கிறார். அழித்த கோடு முழுசாகப் போகாது, சாம்பல் நிறத்தில் பின்னால் நிற்கும். அப்பாவுக்குக் கரி புதிதில்லை. ஸ்டில் மேல் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, முதலில் கரியால்தான் உருவம் கட்டுவார்கள். "அழிச்சது அப்படியே தெரியுதேடா. எங்க மாஸ்டர் இருந்தா தலையிலே குட்டியிருப்பார்" என்றார். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். படம் முடிந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அந்த ஓவியர் செய்த சிலை ஒன்று தெருவிலேயே இருக்கிறது, பெயர் 'ஃபயர் வாக்கர்' என்று சொல்லித் தொலைத்தேன். தீமிதியா என்று பிடித்துக்கொண்டார். நகரத்தின் நடுவே, குவீன் எலிசபெத் பாலத்துக்குப் பக்கத்தில், 2009இல் கென்ட்ரிட்ஜும் கெர்ஹார்ட் மார்க்ஸும் செய்தது. 10, 11 மீட்டர் உயரம் இருக்கும். தீமிதி இல்லை, தலையில் எரியும் அடுப்பைச் சுமந்து போகும் தெரு வியாபாரிப் பெண். ஒரு கோணத்தில் நின்றால்தான் பெண்ணாகத் தெரிவாள், நகர்ந்தால் வெறும் தகரத் துண்டுகள். காரை ஓரம் கட்டி இரண்டே நிமிடம் நின்றோம் (அங்கே அதற்கு மேல் நிற்க வேண்டாம், போனையும் வெளியே நீட்ட வேண்டாம்). "தீச்சட்டி எடுக்கிறா" என்றார் அப்பா. கட் அவுட்டில் கீழேயிருந்து பார்க்கிறவனுக்காகத் தலையைக் கொஞ்சம் பெரிதாக வரைவார்களாம், இவர்களும் பார்க்கிறவன் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அவர் வந்த மாதக் கடைசியில் இங்கே ஒரு சங்கத்தின் பொங்கல் விழா. மேடைக்குப் பின்துணி வரைந்து தருகிறேன் என்று எங்கள் கராஜில் நான்கு நாள் உட்கார்ந்து, கரும்பு, பானை, ஜோடிக் காளை எல்லாம் வரைந்தார். விழாவன்று போய்ப் பார்த்தால் அதன் மேல் ஃபிளக்ஸ். நிர்வாகிகள் பதினோரு பேரின் முகம் வட்ட வட்டமாக. ஃபிளக்ஸுக்குக் கீழே காளைகளின் எட்டுக் கால் மட்டும் தெரிந்தது. மதுரையில் பிழைப்பைக் கெடுத்தது பத்தாதென்று இங்கேயும் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் மறு வருடம் சந்தா கட்டவில்லை.

சரி, உங்களுக்கு. ரோஸ்பேங்க்கில் தொடங்குங்கள், கௌட்ரெய்ன் ரயிலில் வந்து இறங்கினால் பக்கம்தான். எவரர்ட் ரீட் கூடம் 1913இலிருந்து இருக்கிறது, பக்கத்திலேயே சர்க்கா என்ற நீள்வட்டக் கட்டடம். 1966இல் ஆரம்பித்து இப்போது பார்க்வுட்டில் இருக்கும் குட்மேன் கூடம், நிறவெறிக் காலத்திலேயே கறுப்பின ஓவியர்களின் படங்களை மாட்டிய இடம். டர்பன் பக்கத்து ரஞ்சித் கல்லி, செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அப்புறம் 'டிரம்' பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்தவர், தன் முதல் தனிக் கண்காட்சியை 2004இல் அங்கேதான் வைத்தார். எழுபதைத் தாண்டிய வயதில். பிராம்ஃபான்டைனில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஜூபர்ட் பார்க்கில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரிக்குப் போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 1940இல் ஜெரார்ட் செகோட்டோவின் படத்தை வாங்கியது அங்கேதான், ஒரு கறுப்பின ஓவியரிடமிருந்து அவர்கள் வாங்கிய முதல் படம் அது.

சனிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், சில கூடங்களை மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பல கூடங்கள் விடுமுறையில் இருக்கும். கார் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் அட்டையைக் காரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கையில் சுருட்டிய காகிதம் எதுவும் வேண்டாம்.