‘ஒரு ஊர்ல’ இருக்கிறது, ‘ஒரு நாள்’ எங்கே?

கேள்வி: எனக்கு 36 வயது, கணக்கு எழுதும் வேலை. ஆறு வயது மகளை ராத்திரி தேவதைக் கதை சொல்லித்தான் தூங்க வைக்கிறேன். சிறுகதை எழுதும் ஆசை கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. கதைக்கரு, பாத்திரப் படைப்பு, களம், முரண், உச்சம், நோக்குநிலை என்று படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைக்கு வருவதில்லை. எங்கள் தெரு இஸ்திரிக்காரரை வைத்து ஆறு பக்கம் எழுதினேன். கரிப்பெட்டி, தண்ணீர் தெளிப்பது, மடிப்பு எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள், ஆனால் படித்த நாலு பேரும் “கதை எங்கே?” என்று கேட்டுவிட்டார்கள். மகளுக்குச் சொல்லும் கதைகளிலிருந்தே அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது நல்ல வழி என்றுதான் சொல்வேன். தேவதைக் கதையில் சதை குறைவு, எலும்பெல்லாம் வெளியே தெரியும். நவீனச் சிறுகதை எழுதுகிறவர்கள் எலும்பை மறைப்பதில் கெட்டிக்காரர்கள், அதனால் அவற்றைப் படித்து மட்டும் கற்றுக்கொள்வது சிரமம்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். “ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தாங்க. மரத்தடியில வடை சுட்டு வித்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் ஒரு காக்கா வந்து ஒரு வடையத் தூக்கிட்டுப் போயிருச்சு.” மகளிடம் சொல்லும்போது உங்கள் குரலைக் கவனியுங்கள், ‘ஒரு நாள்’ என்ற இடத்தில் தானாக மாறும். வினையும் மாறுகிறது பாருங்கள். அதுவரை ‘இருந்தாங்க, வித்துக்கிட்டு இருந்தாங்க’ என்று தினப்படி நடப்பது, அதற்கப்புறம் ‘போயிருச்சு’ என்று ஒரே ஒரு தடவை நடந்தது. கதை தொடங்குவது அந்த இரண்டாவது இடத்தில்தான். காக்கா வராத நாட்களிலும் பாட்டி வடை சுட்டார், அந்த நாட்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

உங்கள் இஸ்திரிக்காரர் கதைக்கும் இதுதான் வியாதி. ஆறு பக்கமும் ‘ஒரு ஊர்ல’. தேய்ப்பார், மடிப்பார், டீ குடிப்பார். ‘ஒரு நாள்’ வரவே இல்லை. எனக்கு வரும் முதல் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன, நன்றாக எழுதத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் வருணனை கைவந்துவிட்டால் எதுவுமே நடக்காமல் ஆறு பக்கம் ஓட்டிவிடலாம். அதை ஓரமாக வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இப்போது ஒரே ஒரு கதையை எடுத்து நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் கதை. உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். நாம் பொதுவாகச் சொல்வது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட வடிவத்தை ஒட்டியது. அம்மா கேக்கும் வைனும் கொடுத்து, உடம்பு சரியில்லாத பாட்டியிடம் கொடுத்துவிட்டு வா என்று அனுப்புகிறாள். பாதையை விட்டு விலகாதே என்கிறாள். ஏன் விலகக் கூடாதாம்? ஓநாய் இருக்கிறது என்று அவள் சொல்வதே இல்லை. விலகினால் விழுந்துவிடுவாய், பாட்டில் உடைந்துவிடும், பாட்டிக்கு ஒன்றும் இருக்காது என்கிறாள். நான் இந்த வரியைக் கவனித்ததே பல வருஷம் கழித்துத்தான். அம்மாவின் கவலை முழுக்க பாட்டில் மேல் இருக்கிறது, வரப்போகும் ஆபத்து அவள் நினைப்பிலேயே இல்லை. ‘அவள் அப்பாவித் தாய், சிக்கனமானவள்’ என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. பாத்திரப் படைப்பு என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான், அந்த ஆள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், எதைக் கவனிக்காமல் விடுகிறார் என்பது.

அதே வரியில் இன்னொரு காரியமும் நடந்துவிடுகிறது. ‘விலகாதே’ என்று ஒருத்தி சொன்னதுமே, இவள் விலகத்தான் போகிறாள் என்று கேட்கிற குழந்தைக்குத் தெரிந்துவிடும். ரஷ்யாவில் விளாதிமிர் பிராப் என்ற ஆய்வாளர் நூறு மாயக் கதைகளை எடுத்து அலசி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செயல்கள் 31 என்று 1928-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வரிசையில் இரண்டாவது தடை, மூன்றாவது மீறல். மற்ற 29-ஐ நீங்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். இந்த ஜோடி மட்டும் வேண்டும். திறக்காதே என்ற அறை, திரும்பிப் பார்க்காதே என்ற பாதை, பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடு என்ற நிபந்தனை எல்லாம் இதுதான். முரண் என்றதும் இரண்டு பேர் கைகலக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம், அப்படியெல்லாம் வேண்டியதில்லை. செய்யக் கூடாத ஒன்றும், அதைச் செய்யத் தூண்டும் ஆசையும் ஒரே ஆளுக்குள் இருந்தால் போதும்.

அந்த ஆசையை இந்தக் கதை எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். ஓநாய் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. சுற்றிலும் எவ்வளவு பூ இருக்கிறது பார் என்கிறது, அவ்வளவுதான். அவள் ஒரு பூவைப் பறிக்கிறாள், கொஞ்சம் தள்ளி அதைவிட அழகான ஒன்று இருப்பது போலத் தெரிகிறது, அதற்குப் போகிறாள், அங்கிருந்து இன்னொன்று. இப்படியே காட்டுக்குள் போய்விடுகிறாள். கதை நகர்வது அவள் குணத்தால். வேறு பெண்ணாக இருந்தால் பூவைப் பார்க்காமலே நேராகப் போயிருப்பாள், கதையே இல்லை.

களமும் இதில் சும்மா இல்லை. பாட்டி வீடு எங்கே என்று ஓநாய் கேட்கிறது. காட்டுக்குள் இன்னும் கால் மணி நேர நடை, மூன்று பெரிய ஓக் மரத்தடியில், கீழே புதர் வேலி இருக்கும் என்று இவளே அடையாளம் சொல்லி அனுப்புகிறாள். காட்டைப் பற்றி இந்தக் கதையில் வருணனையே கிட்டத்தட்ட கிடையாது, இருக்கிற ஒன்றிரண்டு விவரமும் ஓநாய்க்கு வழிகாட்டத்தான் வருகிறது. உங்கள் கரிப்பெட்டி வருணனையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள், அது கதையில் யாருக்கு உதவுகிறது?

அப்புறம் அந்தப் படுக்கைக் காட்சி. காது ஏன் இவ்வளவு பெரிசு, கண் ஏன், கை ஏன், வாய் ஏன். படுத்திருப்பது யார் என்று உங்கள் மகளுக்குத் தெரியும், சிறுமிக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் மகள் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வாளே, அதுதான் உச்சத்தை நோக்கி ஏற்றுவது. அடுத்து என்ன வரும் என்று வாசகருக்குத் தெரிந்தும் பதற்றம் கூடுகிறது, தெரிந்ததால்தான் கூடுகிறது. கடைசி வரியில் திடுக்கிட வைத்தால்தான் சிறுகதை என்று நம்புகிறவர்களை இந்தக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இந்தக் கதைக்கே பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் ஷார்ல் பெரோ 1697-ல் வெளியிட்டது. அதில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியைத் தின்கிறது, கதை முடிந்தது. காப்பாற்ற யாரும் வரவில்லை. கிரிம் வடிவத்தில்தான் அந்தப் பக்கமாகப் போகும் வேடன் குறட்டைச் சத்தம் கேட்டு உள்ளே வருகிறான், சுடப்போகிறவன் பாட்டி வயிற்றுக்குள் இருக்கலாமே என்று யோசித்துத் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறான். முன்பாதி கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவு மாறியதும் கதை சொல்லும் விஷயமே மாறிவிட்டது. ஒன்று, முன்பின் தெரியாதவரை நம்பினால் கதி அதோகதி என்கிறது. மற்றது, தப்பு செய்தாலும் மீளலாம், அடுத்த முறை புத்தியாக இரு என்கிறது. நம் காக்காவையும் அப்படி மாற்றியிருக்கிறோமே, வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிற காக்கா. வாலில் ஒரு வாக்கியம் மாறியதும், முகஸ்துதியில் ஏமாறும் கதை சாமர்த்தியத்தின் கதை ஆகிவிட்டது. கதைக்கரு என்பதை முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை, எங்கே முடிக்கிறீர்கள் என்பதே அதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

சம்பவங்களைக் கோப்பது பற்றி ஒரு வார்த்தை. நாம் கதை கேட்கும்போது ‘உம்’ கொட்டுவோம், சொல்கிறவர் ‘அப்புறம்’ போட்டுப் போட்டு நகர்த்துவார். எழுதும்போது அந்த ‘அப்புறம்’ இருக்கும் இடத்தில் ‘அதனால’ அல்லது ‘ஆனா’ போட முடிகிறதா என்று பாருங்கள். ஹான்சலும் கிரேட்டலும் கதையில் முதல் தடவை பையன் கூழாங்கல் பொறுக்கி வழியில் போட்டு வீடு திரும்பிவிடுகிறான். இரண்டாவது தடவை ராத்திரி கதவு பூட்டியிருக்கிறது, அதனால் கல் பொறுக்க முடியவில்லை, அதனால் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான், ஆனால் குருவிகள் தின்றுவிடுகின்றன. பூட்டிய ஒரு கதவிலிருந்து சூனியக்காரி வீடு வரை ஒரே சங்கிலி. (அந்தக் கதையின் 1812 பதிப்பில் குழந்தைகளைக் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் கிரிம் சகோதரர்கள் அவளைச் சித்தியாக்கிவிட்டார்கள். ஒரே ஒரு உறவுச் சொல்லை மாற்றினால் வாசகரின் கோபம் எப்படித் திசை மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.)

ஆனால் தேவதைக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. ராஜகுமாரி அழகு, சித்தி கெட்டவள், அத்தோடு சரி, உள்மனம் என்று ஒன்று கிடையாது. யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை, எல்லாம் தெரிந்த ஒருவர் மேலேயிருந்து சொல்கிறார். நோக்குநிலை பழக வேண்டுமானால் அதே சிவப்புத் தொப்பிக் கதையை அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவள் வீட்டில் இருக்கிறாள், காட்டில் நடப்பது எதுவும் தெரியாது, பொழுது சாய்கிறது, பாட்டில் உடைந்திருக்குமோ என்று நினைக்கிறாள். ஒரு வரிகூட நீங்கள் புதிதாகக் கற்பனை செய்யாமலே அது சிறுகதையின் பக்கம் சாய்வது தெரியும். இன்னொன்று, பெரோ தன் கதைகளின் வாலில் செய்யுளில் நீதி எழுதி ஒட்டினார். நீங்கள் ஒட்டாதீர்கள்.

தேவதைக் கதைக்கும் சிறுகதைக்கும் நடுவே பாலம் போல ஒரு கதை வேண்டுமென்றால் டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1845-ல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியைப் படியுங்கள், மகளுக்குச் சொல்வதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அழுதுவிடுவாள். ஆண்டின் கடைசி ராத்திரி, ஒரு தெருமூலை, ஒரு குழந்தை, அவ்வளவுதான் கதை. வேண்டியது கொஞ்சம் சூடு. ஒரு குச்சிகூட விற்காததால் வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார். குச்சியைப் பற்ற வைத்தால் விற்கிற சரக்கு போய்விடும். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு காட்சி, கணப்பு, வாத்துக்கறி, கிறிஸ்துமஸ் மரம், நாலாவதில் பாட்டி. நாடும் ராஜாவும் ஏழு கடலும் இல்லாமல் தேவதைக் கதை ஒரே ராத்திரிக்குள் சுருங்கிவிட்டது.

சரி, இஸ்திரிக்காரருக்கு வருவோம். அவருக்கு ஒரு ‘ஒரு நாள்’ கொடுங்கள், பெரிதாக எதுவும் வேண்டாம். இரண்டாவது மாடி வீட்டிலிருந்து வாராவாரம் பத்து உருப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஆறுதான் வருகிறது. புடவையும் பள்ளிச் சீருடையும் இருக்கின்றன, ஆம்பளைச் சட்டை நாலையும் காணோம். இது ‘ஒரு நாள்’. அவருக்குக் கேட்க ஆசை. ஆனால் துணியைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்பது அவர் அப்பா காலத்திலிருந்து அவர் தொழிலில் வைத்திருக்கும் கட்டுப்பாடு. இது தடை. அடுத்த வாரமும் ஆறு, அந்த அம்மாள் காசு எண்ணிக் கொடுத்துவிட்டு, “இனிமே இவ்வளவுதான் வரும்ண்ணே” என்கிறாள். மூன்றாவது வாரம் மூட்டைக்கு அடியில், வழக்கமாக வரும் நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. தோய்க்காமல், மடித்தபடியே.

இப்போது உங்கள் ஆறு பக்கத்திலிருந்து கரிப்பெட்டியை இங்கே கொண்டுவாருங்கள். அந்தச் சட்டையைத் தேய்ப்பதா வேண்டாமா என்று அவர் நிற்கும் நேரத்தில் கரி நீறு பூத்துக்கொண்டிருக்கட்டும். மூன்று பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். அந்த அம்மாளிடம் அவர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதிவிடுங்கள், ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும், காலையில் அந்தப் பத்தியை அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் அந்த நாலு பேர் “கதை எங்கே?” என்று கேட்டால் எனக்கு எழுதுங்கள்.